செனடாப் ரோட்டின் சொந்தக்காரர் காஜிப்பூரில் என்ன செய்கிறார்?

வாசகர் கேள்வி, ஜனவரி 9, 2025

சென்னை செனடாப் ரோட்டுக்கு அந்தப் பெயர் கார்ன்வாலிஸ் பிரபுவுக்குக் கட்டிய நினைவு மண்டபத்தால் வந்தது என்று படித்தேன். உடல் காஜிப்பூரில் இருக்கிறதாம். டெல்லியில் குப்பை மலை இருக்கிற இடம்தானே அது? அங்கே போய் எப்படிச் செத்தார்? யாராவது போயிருக்கிறீர்களா?

ஜனவரி 9, இரவு 10.20

அது வேறு, இது வேறு. குப்பை மலையும், விவசாயிகள் போராட்டத்தின்போது டிவியில் காட்டிய எல்லையும் டெல்லி காஜிப்பூர். கார்ன்வாலிஸ் படுத்திருப்பது உத்தரப் பிரதேசத்தின் கிழக்குக் கோடியில். காசியிலிருந்து கங்கையோடு கீழே இறங்கினால் எழுபது, எண்பது கிலோமீட்டரில் வடகரையில் வருகிற ஊர். ஜனத்தொகை ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே.

2011 முதல் 2013 வரை வேலை மாற்றலில் காசியில் குப்பை கொட்டினேன் (மலை அளவுக்கு இல்லை). அப்போது மூன்று தடவை காஜிப்பூர் போயிருக்கிறேன்.

எப்படிச் செத்தார் என்றால், வயசாகித்தான். 1781-ல் யார்க்டவுனில் அமெரிக்கர்களிடம் சரணடைந்த அதே ஆள். 1786-ல் இங்கே கவர்னர் ஜெனரலாக வந்தார், 1792-ல் திப்புவைப் பணியவைத்தார், 1793-ல் வங்காளத்தில் ஜமீன்தார்கள் கட்டும் வரியை மாறாமல் நிர்ணயிக்கும் நிரந்தர நிலவரித் திட்டத்தைப் போட்டுவிட்டு ஊர் போய்ச் சேர்ந்தார். 1805-ல், அப்போது கவர்னர் ஜெனரலாக இருந்த வெல்லெஸ்லி சண்டை போட்டுக் கஜானாவைக் காலி செய்துவிட்டார் என்று, 66 வயதுக் கிழவரை மறுபடி கப்பலேற்றி அனுப்பினார்கள். ஜூலை கடைசியில் கல்கத்தா வந்தார். மராட்டியர்களோடு சமாதானம் பேச ஆற்று வழியாக வடக்கே கிளம்பினார். அக்டோபர் 5-ம் தேதி வழியிலேயே முடிந்துவிட்டது. படகு எந்த ஊருக்குப் பக்கத்தில் நின்றதோ அந்த ஊரில் புதைத்தார்கள். காஜிப்பூருக்கும் அவருக்கும் வேறு சம்பந்தம் கிடையாது.

ஜனவரி 10, காலை 7.05

நேற்று தூக்கக் கலக்கத்தில் சமாதியைப் பற்றிச் சொல்லவே இல்லை.

பன்னிரண்டு தூண், மேலே ஒரு கும்மட்டம், சுற்றிப் புல்வெளி. தொல்லியல் துறை பராமரிப்பு. நான் போனது டிசம்பர் ஞாயிறு, பகல் பதினொரு மணி. பனி விலகியும் விலகாமலும் இருந்தது. பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். பந்து படியில் மோதினால் இரண்டு ரன், தூணில் மோதினால் அவுட்.

உள்ளே வெள்ளைப் பளிங்கில் ஆங்கிலேயச் சிற்பி ஃப்ளாக்ஸ்மன் செதுக்கிய நினைவுச் சின்னம். கார்ன்வாலிஸின் மார்பளவு உருவம், இரண்டு பக்கமும் தலை குனிந்து அழுகிற ஒரு பிராமணர், ஒரு முஸ்லிம். பின்பக்கம் போனால் ஒரு வெள்ளைக்கார சிப்பாயும் ஒரு நாட்டு சிப்பாயும், அவர்களும் துக்கத்தில். நான்கு பேரும் அப்படி ஒரு அழுகை. இவருடைய வரித் திட்டத்தில் நிலத்தைத் தொலைத்தவர்களைத் தேடினேன், அவர்களைச் செதுக்கவில்லை.

ஊர்க்காரர்களுக்குக் கார்ன்வாலிஸ் என்றால் புரியாது. 'லாட் சாஹிப்' என்று கேட்க வேண்டும். நம் ஊரில் 'இவர் பெரிய லார்டு லபக்குதாஸ்' என்கிறோமே, அந்த லார்டுதான் அங்கே லாட். ஆட்டோக்காரரிடம் நான் 'கார்ன்வாலிஸ் மக்பரா' என்று மூன்று தடவை மூன்று விதமாக உச்சரித்தேன். அவர் என்னை ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டார். ஏதோ வாலிஸ் என்று ஒரு டாக்டரைத் தேடுகிறேன் என்று நினைத்தாராம்.

ஜனவரி 10, காலை 7.30

விட்டது: செனடாப் என்றாலே உடல் இல்லாத சமாதி என்று அர்த்தம். சென்னைக்கு வெறும் மண்டபமும் ரோட்டுப் பெயரும். உடல் காஜிப்பூருக்கு. கோட்டை மியூசியத்தில் இருக்கிற கார்ன்வாலிஸ் சிலையைப் பார்த்தவர்கள் பீடத்தையும் பார்த்திருப்பீர்கள். திப்புவின் இரண்டு சின்னப் பையன்களைப் பணயமாக ஒப்படைக்கிற காட்சி. அந்த 1792 ஒப்பந்தத்தில்தான் திண்டுக்கல்லும் சேலம் பக்கத்துப் பாரமகாலும் கம்பெனி கைக்குப் போயின. ஆக, நமக்கு அவர் வேற்று ஆளே இல்லை.

ஜனவரி 11, இரவு 9.15

'அப்படி ஒரு அழகான கட்டடமா' என்று ஒருவர் கேட்டிருக்கிறார். எனக்குப் பிடித்தது. ஆனால் 1824-ல் படகில் வந்து பார்த்த கல்கத்தா பிஷப் ஹீபருக்குப் பிடிக்கவில்லை. கல் நல்ல கல், செலவும் நிறையச் செய்திருக்கிறார்கள், ஆனால் தூண் உயரத்துக்கு ஏற்ற பருமன் இல்லை, கும்மட்டத்தைத் தேவையில்லாமல் தூக்கி வைத்திருக்கிறார்கள் என்று மேஸ்திரி மாதிரி குறை எழுதி வைத்திருக்கிறார். அதைப் படித்த பிறகு போன இரண்டாம் தடவை எனக்கும் தூண் ஒல்லியாகத்தான் தெரிந்தது. ஒருத்தர் சொல்லிவிட்டால் அவ்வளவுதான்.

அதே ஹீபர் காஜிப்பூரின் ரோஜாத் தோட்டங்களைப் பற்றி ஆசை ஆசையாக எழுதியிருக்கிறார். ஊரைச் சுற்றி நூற்றுக்கணக்கான ஏக்கரில் ரோஜா. பன்னீர் காய்ச்சவும் அத்தர் எடுக்கவும். ஒரு ரூபாய் எடை அத்தருக்கு இரண்டு லட்சம் பூ வேண்டும் என்று கணக்குக் கொடுக்கிறார். ஒரு ரூபாய் எடை என்றால் பன்னிரண்டு கிராமுக்கும் குறைவு. இரண்டு லட்சம் பூவைக் குனிந்து குனிந்து பறித்தது யார் என்று அவர் கணக்கில் வரவில்லை.

நம் ஊர்க் கல்யாண வாசலில் சொம்பை ஆட்டிப் பன்னீர் தெளிக்கிறோமே, அதே சரக்குதான். நான் ஒரு பாட்டில் வாங்கி அம்மாவுக்கு அனுப்பினேன். 'இது என்னடா, சோப்பு வாசனை' என்றாள்.

இந்த ஹீபர் அப்புறம் இரண்டு வருடத்தில் திருச்சிக்கு வந்து காவிரியில் மூழ்கிச் செத்தார்.

ஜனவரி 12, காலை 6.50

காவிரி இல்லை. நேற்று எழுதியது தப்பு. திருச்சிக்காரர் ஒருவர் நடு ராத்திரியிலேயே திருத்திவிட்டார், நன்றி. தங்கியிருந்த பங்களாவின் குளியல் தொட்டியில்தான். 1826 ஏப்ரல் 3. காலையில் பிரார்த்தனையை முடித்துவிட்டு, வெயில் தாங்காமல் குளிக்கத் தண்ணீரில் இறங்கியவர் எழவில்லை. கல்லறை திருச்சி செயின்ட் ஜான்ஸ் சர்ச்சில். சின்ன வயதில் யாரோ காவிரி என்று சொன்னது, நாற்பது வருடமாக அப்படியே மண்டையில் உட்கார்ந்திருந்தது.

காஜிப்பூர் சமாதியைக் குறை சொன்னவரின் சமாதி நம் ஊரில். யாராவது போய்த் தூண் பருமனைப் பார்த்துச் சொல்லுங்கள்.

ஜனவரி 14, மாலை 5.40

பொங்கல். சாப்பிட்டுத் தூங்கி எழுந்து எழுதுகிறேன், நீளமாகப் போகும்.

ரோஜா என்றதும் இன்னொருவரை இழுக்க வேண்டும். 1888-ல் தாகூர், வயது 26, இளம் மனைவியோடு காஜிப்பூரில் போய்ச் சில மாதம் தங்கினார். ரோஜாத் தோட்டம் இருக்கிறது என்று கேள்விப்பட்டு, பாரசீகக் கவிதையில் வருகிற மாதிரி புல்புல் பாடும், தென்றல் வீசும் என்று கற்பனை செய்துகொண்டு போயிருக்கிறார். போய்ப் பார்த்தால் வியாபாரிகளின் ரோஜா வயல். இங்கே புல்புல்லுக்கும் அழைப்பில்லை, கவிஞனுக்கும் அழைப்பில்லை என்று பின்னால் அவரே சிரித்துக்கொண்டு எழுதுகிறார். இருந்தும் 'மானசி' தொகுப்பின் கவிதைகளில் நிறைய அங்கே எழுதியவை. ஏமாற்றமும் ஒரு வகையில் உபயோகப்படும் போல.

தங்க ஏற்பாடு செய்தது தூரத்துச் சொந்தக்காரர் ககன் சந்திர ராய். அபின் இலாகாவில் பெரிய உத்தியோகம். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வருடம் கழித்து, 1890 தொடக்கத்தில், இன்னொரு வங்காளி இளைஞர் வந்து இறங்குகிறார். விவேகானந்தர். கன்னியாகுமரிப் பாறைக்கு வர இன்னும் மூன்று வருடம் இருக்கிறது. கையில் காசு இல்லை, இடுப்பு வலி வேறு. அவருக்கும் ஆதரவாக இருந்தவர்களில் ஒருவர் அதே ககன் பாபு! அபின் சம்பளத்தில் கவிக்கும் சாப்பாடு, சந்நியாசிக்கும் சாப்பாடு. அந்த மனிதரைப் பற்றித் தனியாக யாரும் எழுதியதாகக் கண்ணில் படவில்லை, எனக்கு இது ஒரு குறை.

விவேகானந்தர் பார்க்க வந்தது பவஹாரி பாபாவை. காற்றை உண்டு வாழ்பவர் என்று பெயருக்குப் பொருள். நிலத்துக்குக் கீழே ஒரு குகை தோண்டி அதில் நாள் கணக்கில் இருப்பார். கதவுக்கு அந்தப் பக்கம் இருந்துதான் பேச்சு. அவரைப் பற்றி விவேகானந்தர் எழுதிய கட்டுரையில் ஒரு திருடன் வருகிறான். பாத்திரங்களை மூட்டை கட்டும்போது பாபா எழுந்துவிட, திருடன் மூட்டையைப் போட்டுவிட்டு ஓடுகிறான். பாபா மூட்டையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடி, மைல் கணக்கில் துரத்திப் பிடித்து, 'இது உன்னுடையது, எடுத்துக்கொள்' என்கிறார். திருடனுக்கு அன்றைக்கு வந்த மூச்சிரைப்பை நினைத்துப் பார்க்கிறேன்.

பாபா ராமானுஜர் சம்பிரதாயத்தில் வளர்ந்தவர். இளமையில் தெற்கே சுற்றியிருக்கிறார், திராவிட மொழிகள் தெரியும் என்றும் அதே கட்டுரையில் இருக்கிறது. அப்படியானால் தமிழ்? அந்தக் குகைக்குள் ஒரு பாசுரம் முணுமுணுக்கப்பட்டிருக்குமா? இருந்திருந்தால் நன்றாக இருக்கும். இது என் ஆசை மட்டும்தான், வரலாறு என்று எங்கும் போய்ச் சொல்லாதீர்கள்.

1898-ல் தீயில் வெந்து போனார். தன்னையே ஆகுதியாக இட்டார் என்பது விவேகானந்தர் எழுதியது. ஊருக்கு வெளியே குர்த்தாவில் ஆசிரமம் இருக்கிறது. நான் போன அன்று பூட்டு.

ஜனவரி 15, காலை 8.00

'அபின் இலாகாவா? அந்த ஃபேக்டரி இன்னும் இருக்கிறதா?'

இருக்கிறது. நேற்றே அதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும். ராத்திரி எழுதுகிறேன்.

ஜனவரி 15, இரவு 11.10

காஜிப்பூர் அபின் ஃபேக்டரி 1820-ல் தொடங்கியது. நிதி அமைச்சகத்தின் கீழ் இன்றும் ஓடுகிறது. இதுவும் மத்தியப் பிரதேசத்தில் நீமச்சும், அரசாங்கத்துக்கு இரண்டே இரண்டு. ஆற்றோரமாக நீண்டு போகிற மதில், மேலே முள்கம்பி. உள்ளே விடமாட்டார்கள், நானும் கேட்கவில்லை. வெளியே நின்றாலே ஒரு வாசனை வரும். புளித்த வைக்கோலும் ஈர மண்ணும் கலந்த மாதிரி, கொஞ்சம் கனமாக. பக்கத்து டீக்கடையில் மண் குவளையில் டீ குடித்தேன். 'வாசனை தெரியவில்லையா' என்று கடைக்காரரைக் கேட்டேன். 'எந்த வாசனை?' என்றார்.

அந்தக் காலத்தில் வேலை இப்படி. கங்கைச் சமவெளியில் விவசாயிக்கு முன்பணம் கொடுப்பார்கள். ஐப்பசி கார்த்திகையில் விதைப்பு, தை மாசியில் பூ. பூ உதிர்ந்து காய் முற்றும்போது சாயங்காலம் காயில் கத்தியால் கோடு கீறி விடுவார்கள். ராத்திரி பால் கசிந்து காலைக்குள் பழுப்பாக இறுகும், அதைச் சுரண்டி எடுக்க வேண்டும். ஒரே காயை நான்கைந்து தடவை கீறுவார்கள். பால் முழுவதும் சர்க்காருக்கு, சர்க்கார் சொன்ன விலைக்கு. வேறு யாருக்கும் விற்றால் ஜெயில். பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கடைசியில் பாட்னா, காசி என்ற இரண்டு ஏஜென்சிகளுக்கும் சேர்த்துப் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட குடியானவர்கள் இதில் மாட்டியிருந்தார்கள். கணக்குப் போட்டால் கூலி கூடக் கட்டாது. பிறகு ஏன் பயிரிட்டார்கள்? முன்பணம். குத்தகை கட்ட வேண்டிய நேரத்தில் கையில் வருகிற காசு அது ஒன்றுதான்.

ஃபேக்டரியில் அபினை உருண்டை பிடிப்பார்கள். ஒரு பெட்டிக்கு நாற்பது உருண்டை. பெட்டி கங்கையில் கல்கத்தா போகும், அங்கே ஏலம், அங்கிருந்து சீனா. 1907-ல் சீனாவோடு ஒப்பந்தம் போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்தினார்கள். பாட்னா ஃபேக்டரி மூடப்பட்டது. காஜிப்பூர் மருந்துக்காகத் தப்பித்தது. இன்று வருவது மார்ஃபின், கோடீன் எடுப்பதற்கு. அபின் பாலும் பெரும்பாலும் ராஜஸ்தான், மத்தியப் பிரதேசத்தில் லைசென்ஸ் வாங்கிய வயல்களிலிருந்து வருகிறது.

நான் சொல்ல வந்தது உருண்டையைச் சுற்றியிருக்கும் மேலோடு பற்றி. அபின் உருண்டையை எதில் பொதிந்து அனுப்பினார்கள் தெரியுமா? பூ ரொட்டியில்.

என்னோடு காசி ஆபீசில் வேலை பார்த்த பெரியவர் ஒருவர், காஜிப்பூர் மாவட்டத்துக்காரர், அவரை நான் பாபுஜி என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய கொள்ளுப்பாட்டி இந்த ரொட்டி போட்டவள். அபின் (பாப்பி) செடிப் பூவின் இதழ் வெள்ளை வெளேர் என்று இருக்கும். இதழ் தானாகக் கழன்று விழுகிற பருவத்தில் பெண்கள் போய்ச் சேகரிப்பார்கள். மண் சட்டியைச் சூடாக்கி, இதழ்களை வட்டமாகப் பரப்பி, ஈரத்துணியால் ஒற்றி ஒற்றி அழுத்துவார்கள். ஆவியில் இதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் காகிதம் மாதிரி ஒரு வட்டம் வரும். அதை எடை போட்டு ஃபேக்டரி வாங்கிக்கொள்ளும். அங்கே கழிவு அபினைப் பசையாகத் தடவி, இந்த ரொட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி உருண்டைக்கு ஓடு கட்டுவார்கள்.

பாபுஜி தன் டிபன் டப்பாவில் இருந்த சப்பாத்தியை எடுத்து, உள்ளங்கையால் ஒற்றிக் காட்டினார். 'இப்படி, இப்படி. அழுத்தினால் கிழியும், அழுத்தாவிட்டால் ஒட்டாது.' அவர் பாட்டி சொல்லிக் கொடுத்தாளாம், அவளுக்கு அவள் மாமியார். மூன்று தலைமுறை தாண்டி ஒரு கை அசைவு மட்டும் வந்து சேர்ந்திருக்கிறது, வேலை போய் நூறு வருடம் ஆன பிறகு.

ஜனவரி 16, காலை 9.30

ஆமாம், குரங்குக் கதை எனக்கும் தெரியும். ஃபேக்டரிக் கழிவுத் தண்ணீரைக் குடித்துவிட்டு மதிலில் குரங்குகள் கிறங்கிக் கிடக்கும் என்று எல்லாப் பத்திரிகையும் எழுதியாகிவிட்டது. நான் பார்த்தபோது குரங்கு தூங்கிக்கொண்டுதான் இருந்தது. பகல் இரண்டு மணிக்கு, சாப்பிட்ட பிறகு, எங்கள் ஆபீசிலும் அப்படித்தான் இருக்கும்.

ஜனவரி 16, மதியம் 1.15

கசகசாவைப் பற்றி யாரும் கேட்கவில்லையே என்று பார்த்தேன், கேட்டாயிற்று. ஆமாம், அதே செடிதான். பால் எடுத்த பிறகு காய் காய்ந்ததும் உள்ளே இருக்கிற விதை. குருமாவில் தேங்காயோடு அரைக்கிறோமே, அது. விதையில் போதை கிடையாது என்று இங்கே கடையில் விற்கிறார்கள், துபாயில் அதே பொட்டலம் பையில் இருந்தால் போலீஸ். வளைகுடாவுக்கு மாமியார் கொடுத்தனுப்பும் மசாலாப் பையைத் திறந்து பாருங்கள், விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

ஜனவரி 18, இரவு 8.45

பெயர்ச் சண்டை வந்துவிட்டது. வராமல் இருக்குமா.

பதினான்காம் நூற்றாண்டில் மசூத் என்ற சையத் ஊரைப் பிடித்து காஜி பட்டம் வாங்கினார், அதனால் காஜிப்பூர் என்று ஒரு கட்சி. இல்லை, விசுவாமித்திரரின் அப்பா காதி ராஜா ஆண்ட காதிபுரிதான் திரிந்தது என்று இன்னொரு கட்சி. முதலாவது பழைய கெஜட்டியர்களில் இருக்கிறது, இரண்டாவது உள்ளூரில் உறுதியாக நம்புகிறார்கள். பாபுஜியைக் கேட்டேன். 'ரயில் டிக்கெட்டில் என்ன போட்டிருக்கிறதோ அது' என்றார்.

இந்தப் பகுதி பதினான்காம் நூற்றாண்டுக்கு முந்தியது என்பதில் சந்தேகமில்லை. இதே மாவட்டத்தில் சைத்பூர் பக்கம் பீதரியில் ஸ்கந்தகுப்தனின் தூண் நிற்கிறது. ஹூணர்களோடு மோதியதைச் சொல்லும் ஐந்தாம் நூற்றாண்டுக் கல்வெட்டு. போக நினைத்த அன்று பஸ் ஸ்டிரைக்.

ஜனவரி 21, இரவு 10.00

மூன்று நாளாக இந்தப் பக்கம் வரவில்லை. காரணம், 18-ம் தேதி ராத்திரி ஒருவர் போட்டிருந்த ஒரு வரி: 'நீங்கள் இதுவரை சொன்னவர்கள் எல்லாம் அந்த ஊருக்கு வந்து போனவர்கள். ஊர்க்காரன் ஒருத்தனாவது இருக்கிறானா?'

மேலே போய்ப் படித்தேன். கார்ன்வாலிஸ், ஹீபர், தாகூர், விவேகானந்தர், ஏன், என்னையும் சேர்த்து. வந்தவர்கள்தான் எழுதி வைத்தார்கள், நானும் அதைத்தான் படித்துவிட்டு ஊரைச் சுற்றினேன். சரி, கணக்கைச் சரி செய்கிறேன்.

அப்துல் ஹமீது. தாமுபூர் கிராமம், தையல்கார குடும்பம். 4-வது கிரனேடியர்ஸ் படைப்பிரிவில் ஹவில்தார். 1965 போரில் பஞ்சாபின் கேம்கரன் பக்கம், ஜீப்பில் பொருத்திய துப்பாக்கியை வைத்துக்கொண்டு பாகிஸ்தானின் பாட்டன் டாங்கிகளை ஒவ்வொன்றாக உடைத்தார். பாட்டன் என்றால் அமெரிக்காக்காரன் கொடுத்தது, அசைக்க முடியாது என்று பேர். செப்டம்பர் 10-ம் தேதி அடுத்த டாங்கியோடு நேருக்கு நேர், இரண்டு பக்கமும் சுட்டார்கள். இறந்தபோது வயது 32. பரம் வீர் சக்ரா. காஜிப்பூரில் கங்கையைத் தாண்டும் சாலைப் பாலத்துக்கு ஹமீது சேது என்று பேர். பஸ் அதில் ஏறும்போது பக்கத்து சீட்டுக்காரர் பாலத்தைப் பற்றிச் சொல்லமாட்டார், ஜீப்பைப் பற்றித்தான் சொல்வார். எனக்கு மூன்று தடவையும் அப்படித்தான் நடந்தது. டாங்கி எண்ணிக்கை மட்டும் ஒவ்வொரு தடவையும் ஏறும்.

கஹ்மர். கங்கைக்குத் தெற்கே பெரிய கிராமம். பட்டாளத்துக்கு ஆள் கொடுக்கிற ஊர், வீட்டுக்கு வீடு சீருடை. முதல் உலகப் போருக்கு 228 பேர் போனார்கள், 21 பேர் திரும்பவில்லை என்று கல்வெட்டு வைத்திருக்கிறார்கள். இதே ஊரிலிருந்து கோபால்ராம் கஹ்மரி என்றொருவர் 1900-ல் 'ஜாசூஸ்' என்று இந்தியில் துப்பறியும் பத்திரிகை தொடங்கினார். பட்டாள ஊரில் எப்படி ஒரு துப்பறியும் எழுத்தாளர் என்று ஆச்சரியப்பட்டேன். பாதி ஊர் வெளியே இருந்தால் கதை கேட்கத்தானே தோன்றும்.

சகஜானந்த் சரஸ்வதி. சந்நியாசியாகப் போனவர், விவசாய சங்கத் தலைவராக ஆனார். 1936-ல் லக்னோவில் அகில இந்திய கிசான் சபை தொடங்கியபோது முதல் தலைவர் இவர்தான். ஊர் தேவா, இதே மாவட்டம். பிறந்தது 1889. அபின் முன்பணம் வாங்கிய வயல்களுக்கு நடுவே வளர்ந்த பையன் ஜமீன்தார்களை எதிர்த்ததில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? அந்த ஜமீன்தார் முறைக்குச் சட்டம் போட்ட லாட் சாஹிப் பக்கத்திலேயே பளிங்குக்குள் இருக்கிறார். 9-ம் தேதி நான் எழுதியதில் 'காஜிப்பூருக்கும் அவருக்கும் வேறு சம்பந்தம் கிடையாது' என்று ஒரு வரி இருக்கிறது பாருங்கள், அதை வாபஸ் வாங்குகிறேன். காசிப் பிரதேசத்துக்கும் அந்த நிரந்தரத் திட்டத்தை 1795-ல் நீட்டினார்கள், காஜிப்பூர் அதற்குள்தான் இருந்தது.

1942 ஆகஸ்ட் 18, வெள்ளையனே வெளியேறு போராட்ட சமயம். முகமதாபாத் தாசில் கச்சேரியில் கொடி ஏற்றப் போன ஷேர்பூர் கிராமத்து இளைஞர்கள் எட்டுப் பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சிவபூஜன் ராய் தலைமை.

ஜனவரி 21, இரவு 10.40

ராஹி மாசூம் ரஸாவை விட்டுவிட்டேனே! கங்கௌலி கிராமத்துக்காரர். தூர்தர்ஷனில் ஞாயிற்றுக்கிழமை மகாபாரதம் பார்த்தவர்கள் கை தூக்குங்கள். 'நான் காலம் பேசுகிறேன்' என்று சக்கரம் சுற்றுமே, அந்த வசனம் எல்லாம் எழுதியவர். இந்தி புரியாமல், கிருஷ்ணன் வாயசைப்பை மட்டும் பார்த்துத் தெருவே உட்கார்ந்திருந்த காலம்.

தான் செத்தால் காஜிப்பூருக்குக் கொண்டுபோய்க் கங்கை மடியில் கிடத்துங்கள் என்று கவிதை எழுதியிருக்கிறார். ஊருக்குத் தூரமாகச் செத்துவிட்டால்? அங்கே ஓடுகிற ஏதாவது சின்ன ஆற்றிடம் கொடுத்து, 'இவன் கங்கையின் மகன், இனி உன் பொறுப்பு' என்று சொல்லிவிடுங்கள் என்கிறார். 1992-ல் இறந்தது பம்பாயில்.

ஜனவரி 23, இரவு 9.50

இன்னொன்று. இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

1962-ல் காஜிப்பூர் எம்.பி. விஸ்வநாத் சிங் கஹ்மரி லோக்சபாவில் பேசினார். எங்கள் பக்கத்தில் ஜனங்கள் மாட்டுச் சாணத்தில் இருக்கும் தானியத்தைப் பொறுக்கிக் கழுவித் தின்கிறார்கள் என்று. களத்தில் கதிரடிக்கும்போது மாடு கதிரையும் சேர்த்துத் தின்னும், செரிக்காத மணி சாணத்தில் வரும். அதற்கு கோபரஹா என்று ஒரு சொல்லே இருக்கிறது. பேசினவரும் அழுதார், கேட்டுக்கொண்டிருந்த நேருவுக்கும் கண் கலங்கியது என்கிறார்கள். கிழக்கு உ.பி. மாவட்டங்களின் நிலைமையைப் பார்க்கப் பட்டேல் கமிஷன் வந்தது அதன் பிறகுதான்.

இதைப் பற்றி எங்கோ படித்துவிட்டு, பூ ரொட்டி விவரம் கேட்ட அதே உற்சாகத்தில் பாபுஜியிடம் கேட்டேன், 'கோபரஹா என்றால் என்ன பாபுஜி, பார்த்திருக்கிறீர்களா?' அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். டப்பாவை மூடினார். கை கழுவப் போனார். திரும்பி வந்து லெட்ஜரைத் திறந்து வைத்துக்கொண்டார். மத்தியானம் முழுவதும் பேசவில்லை. சாயங்காலம் கிளம்பும்போது, 'ரொட்டி போட்டவர்கள் எல்லாம் ரொட்டி தின்றார்கள் என்று நினைத்தாயா, பேட்டா?' என்று மட்டும் கேட்டார்.

அதற்குப் பிறகு ஊரைப் பற்றி அவரிடம் நானாகக் கேட்டதில்லை. அவராகச் சொன்னால் கேட்டுக்கொள்வேன்.

ஜனவரி 26, காலை 11.20

இழையைத் தொடங்கியவர் கோட்டை மியூசியம் போயிருக்கிறார். திப்பு பையன்கள் இருக்கிற பீடத்தை போட்டோ எடுத்துத் தனியாக அனுப்பினார். அடுத்து காஜிப்பூர் போக வழி கேட்கிறார்.

காசியிலிருந்து ரயில், பஸ் இரண்டும் உண்டு. பிப்ரவரியில் போங்கள், குளிர் குறைந்திருக்கும். கார்ன்வாலிஸ் என்று கேட்காதீர்கள், லாட் சாஹிப். லிட்டி சோக்கா சாப்பிடுங்கள். லிட்டி, சுட்ட மாவு உருண்டை. சோக்காவுக்குக் கத்தரிக்காயைச் சுட்டுப் பிசைவது நம் ஊர்ச் சுட்ட கத்தரிக்காய்த் துவையலுக்குப் பெரியப்பா பையன். கடுகெண்ணெய் வாசனை முதல் நாள் தலையைத் தூக்கும், மூன்றாம் நாள் பழகிவிடும்.

ஜனவரி 26, இரவு 9.00

ரயில் என்றதும் ஞாபகம் வந்து பாபுஜிக்குப் போன் போட்டேன். ரிட்டயராகி ஊரில் இருக்கிறார், காது கொஞ்சம் மந்தம்.

அவர் ஊர் தெற்குக் கரையில், தில்தார்நகர் பக்கம். அங்கிருந்து 1880-ல் ஒரு கிளை ரயில் பாதை போட்டார்கள். கங்கைக் கரையில் தாரிகாட் வரை வந்து நின்றுவிடும். எதிரே காஜிப்பூர் தெரியும், ரயில் போகாது. சின்ன வயதில் அங்கே இறங்கி மணலில் நடந்து படகு ஏறுவார்களாம். பாலம் வரப்போகிறது என்று அவர் அப்பாவும் சொல்லிக்கொண்டிருந்தார். 2016-ல் அடிக்கல் நாட்டி, ஒரு வழியாக ரயில் பாலம் திறந்து வண்டி ஓடுகிறது.

'போனீர்களா பாபுஜி?' என்று கத்திக் கேட்டேன்.

'போனேன். ஜன்னல் சீட் பிடித்து உட்கார்ந்தேன். தாரிகாட்டில் வண்டி நின்றது. பழக்க தோஷம், பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டேன். வண்டி போய்விட்டது.'

அடுத்த வாரம் மறுபடி போகிறாராம், பேரனைக் கூட்டிக்கொண்டு.